கெத்தும் தண்ணீர் மருந்தா, போதையா? மாமா விஷயத்தில் யாரை நம்புவது?

பிறைக்காரி | சனி, இரவு 9.12

வணக்கம். நான் பெரும்பாலும் சமையல் பகுதியில்தான் எழுதுவேன். இன்று வேறு விஷயமாக வந்திருக்கிறேன்.

என் தாய்மாமாவுக்கு 58 வயது. சுங்கை பாக்காப் பக்கம் இருக்கிறார். வாலிபத்தில் லோரி ஓட்டியபோது ஹெராயினில் விழுந்தவர். 90களில் இரண்டு தடவை புசாட் செரெந்தி, அதாவது அரசாங்கப் போதை மறுவாழ்வு மையம், போய் வந்தார். இரண்டு தடவையும் வெளியே வந்த கொஞ்ச நாளிலேயே பழைய கூட்டாளிகளிடம் திரும்பிவிட்டார். அப்புறம் எப்படியோ தானாகவே விட்டுவிட்டார். பதினைந்து வருடமாக அதைத் தொடவில்லை, இதை நான் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்வேன்.

ஆனால் கெத்தும் குடிக்கிறார், கிராத்தோம் என்றும் சொல்லும் மர இலையைக் கொதிக்க வைத்த தண்ணீர். காலை, மதியம், ராத்திரி என்று மூன்று பொட்டலம். செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் வேலைக்கு ஒரு நாள் தவறாமல் போகிறார், சம்பளத்தை அத்தையிடம் கொடுக்கிறார், யாரிடமும் சண்டை கிடையாது. போன வாரம் குடும்ப வாட்ஸ்அப்பில் அவரே ஒன்றை அனுப்பினார்: "கெத்தும் வலி மருந்து என்று யு.எஸ்.எம். ஆராய்ச்சியில் நிரூபணம்." அம்மா பார்த்துவிட்டு, "பழைய பேய் போய்ப் புதுப் பேய் வந்திருக்கிறது, அதற்குப் பல்கலைக்கழகம் வேறு சாட்சியா?" என்றார்.

இந்தத் தீபாவளிக்கு மாமா எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். பொட்டலம் எதுவும் கொண்டுவரவில்லை. முதல் நாள் நன்றாகத்தான் இருந்தார். இரண்டாவது ராத்திரி தூங்கவே இல்லை. மூக்கு ஒழுகுகிறது, கால் இழுக்கிறது, பிள்ளைகள் மத்தாப்பூ கொளுத்தினால் எரிந்து விழுகிறார். கேட்டதற்குக் காய்ச்சல் என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது மருந்தா, போதையா?

நேர்ப்பேச்சு | சனி, இரவு 9.30

போதை போதைதான். பெயர் மாறினால் குணம் மாறாது. பிடித்து உள்ளே போட்டால் தானாகத் தெளியும். இதற்கெல்லாம் ஆராய்ச்சி என்று மக்கள் பணத்தைச் செலவு செய்கிறார்கள்.

லோரிக்காரன் | சனி, இரவு 9.41

அண்ணே, அவர் மாமாவை இரண்டு தடவை உள்ளே போட்டாயிற்று. பதிவை முழுதாகப் படித்தீர்களா?

மின்டன் பழைய மாணவி | சனி, இரவு 11.05

அக்கா, நான் டாக்டர் இல்லை. சமூக அறிவியல் படித்தவள், போதைப் பழக்கம் பற்றிய கள ஆய்வுகளில் கேள்வித்தாளோடு வீடு வீடாக அலைந்த அனுபவம் உண்டு. அந்த அளவுக்குத்தான் என்னை நம்ப வேண்டும்.

உங்கள் மாமா அனுப்பிய செய்தி முழுப் பொய் இல்லை. யு.எஸ்.எம். என்கிற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மின்டன் வளாகத்தில் போதைப்பொருள் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கெத்தும் பற்றி மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் கணிசமானவை அங்கிருந்து வந்தவைதான். பாலசிங்கம் விக்னசிங்கமும் அவர் குழுவினரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வழக்கமாகக் கெத்தும் குடிக்கும் 26 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். கையை ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொல்லி, எத்தனை விநாடி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். உண்மையான கெத்தும் பானம் ஒன்று, பார்வைக்கு அதுபோலவே இருக்கும் போலிப் பானம் ஒன்று. எது எது என்று குடிப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. உண்மையானதைக் குடித்த ஒரு மணி நேரத்தில், சராசரியாக 11 விநாடி தாங்கிய கை சுமார் 25 விநாடி தாங்கியது. போலிப் பானத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரியதாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் அதை யாரும் சேர்க்க மாட்டார்கள்.

இப்போது அதே மையத்தின் இன்னொரு ஆய்வு. தர்ஷன் சிங், ஜெர்மனியின் கிறிஸ்டியான் முல்லர், விக்னசிங்கம் மூவரும் 2014-இல் வெளியிட்டது. வட மாநிலங்கள் மூன்றில், ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து குடிப்பவர்கள் 293 பேரிடம் விசாரித்தார்கள். பாதிப் பேருக்கு மேல் கடுமையான அடிமைத்தனம், 45 விழுக்காட்டினருக்கு நடுத்தரம். நிறுத்தினால் என்ன ஆகிறது என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னது: தசைப் பிடிப்பு, உடம்பு வலி, தூக்கமின்மை, கண்ணிலும் மூக்கிலும் நீர், காய்ச்சல் மாதிரி சூடு, பசியின்மை, வயிற்றுப்போக்கு. ஒரு நாளைக்கு மூன்று கிளாசும் அதற்கு மேலும் குடிப்பவர்களுக்குக் கடுமையான அடிமைத்தனத்துக்கு வாய்ப்பு அதிகம் என்றும் அதில் வருகிறது.

உங்கள் தீபாவளி வர்ணனையை இந்தப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். மூன்று பொட்டலத்தையும் பாருங்கள்.

உங்கள் மாமா முதல் ஆய்வைக் கையில் வைத்திருக்கிறார், உங்கள் அம்மா இரண்டாவதைப் படிக்காமலேயே பிடித்துவிட்டார். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை, ஒன்றையொன்று மறுக்கவும் இல்லை. வலி குறைக்கும் பொருள் பழக்கமாகாது என்று யார் சொன்னது? மார்ஃபின் இரண்டையும்தானே செய்கிறது.

லோரிக்காரன் | சனி, இரவு 11.38

நான் ஆறு வருடம் குடித்தவன். பட்டர்வொர்த்திலிருந்து ஜொகூர் வரை ராத்திரி ஓட்டம். வலி தாங்கும் என்று கண்டுபிடிக்க ஐஸ் தண்ணீர் எதற்கு, என்னைக் கேட்டிருந்தால் ஒரு தே தாரேக் செலவில் சொல்லியிருப்பேன்.

சும்மா சொன்னேன் தங்கச்சி, கோபிக்க வேண்டாம்.

உள்ளதைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் கொஞ்சம் குடித்தால் சுறுசுறுப்பு, தூக்கம் வராது, முதுகு வலி மறந்து போகும். கூடக் குடித்தால் நேர் எதிர், கண் சொருகும். முதல் வருடம் ஒரு பொட்டலம். அப்புறம் அது போதவில்லை. நாலாவது வருடம் விடிந்ததும் முதல் வேலை அதுதான். குடித்தால் சந்தோஷம் என்று ஒன்றும் இல்லை, குடிக்காவிட்டால் கியான் எடுக்கும், உடம்பு அதைக் கேட்டுப் படுத்தும், அவ்வளவுதான். மலச்சிக்கலைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதையும் எழுதி வையுங்கள்.

விட்டபோது நாலு நாள் நரகம். ஐந்தாம் நாள் சோறு இறங்கியது. தூக்கம் ஒழுங்காக வர ஒரு மாதம் ஆனது. ஹெராயினை விட்டவர்கள் என் செட்டிலேயே இருந்தார்கள், அவர்கள் சொன்ன கதைக்கு முன்னால் என்னுடையது சளிக் காய்ச்சல். இதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

பிறைக்காரி | ஞாயிறு, காலை 7.20

நன்றி மாணவி, நன்றி அண்ணா. ராத்திரி அந்த 2020 ஆய்வின் சுருக்கத்தைத் தேடிப் படித்தேன். அதில் ஒன்று இடிக்கிறது. 10 முதல் 20 மணி நேரம் வரை குடிக்காமல் இருந்தும் அந்த 26 பேரில் ஒருவருக்கும் நிறுத்தத்தால் வரும் அவதி தென்படவில்லை என்று போட்டிருக்கிறார்கள். மாமா சாதித்துக்கொண்டிருப்பதும் அந்த வரியை வைத்துத்தான். அப்படியானால் தீபாவளிக்கு வந்தது நிஜமாகவே காய்ச்சலா?

மின்டன் பழைய மாணவி | ஞாயிறு, காலை 8.02

அக்கா, நீங்கள் கணக்குப் பிரிவில் வேலை செய்பவரா? சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள்.

10 முதல் 20 மணி நேரம். அதாவது அதிகபட்சம் ஒரு நாளுக்கும் குறைவு. உங்கள் மாமா முதல் நாள் நன்றாகத்தான் இருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவதி வந்தது இரண்டாவது ராத்திரி. கெத்தும் இலையின் முக்கியச் சத்தான மித்ராகைனின் உடம்பிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். முதல் நாள் முடிவதற்குள் ஆய்வை நிறுத்தினால் 'ஒன்றும் இல்லை' என்று வரும், அது உண்மையும்கூட. அந்த ஆய்வு கேட்ட கேள்வி வலி தாங்குவது பற்றியது, ஒரு வாரம் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது பற்றியது அல்ல. அதில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், உங்கள் மாமா 58 வயதுக்காரர், பழைய ஹெராயின் வரலாறும் உண்டு.

2014 ஆய்வையும் இதே கண்ணால் பாருங்கள். அவர்கள் தேடிப் போனது தொடர்ந்து குடிப்பவர்களை. இரண்டு தடவை குடித்துப் பார்த்துப் பிடிக்காமல் விட்டவன் அந்த 293 பேரில் இருக்க மாட்டான். அதனால் 'கெத்தும் தொட்டவர்களில் பாதிப் பேர் அடிமை' என்று அதை வைத்துச் சொன்னால் தப்பு. பத்திரிகைத் தலைப்புகள் அப்படித்தான் சொல்லும்.

நேர்ப்பேச்சு | ஞாயிறு, காலை 10.15

படித்தவர்கள் பேசினால் கறுப்பும் வெள்ளையாகிவிடும். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு படம் காட்டினார்கள். கூண்டுக்குள் எலி, ஒரு கட்டையை அழுத்தினால் போதைமருந்து வரும். சாப்பாடு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், சாகும்வரை அழுத்திக்கொண்டே இருந்தது. போதை என்றால் அதுதான். இதில் நடுத்தரம், கடுமை என்று தரம் பிரிக்க என்ன இருக்கிறது?

மின்டன் பழைய மாணவி | ஞாயிறு, பிற்பகல் 12.40

எலியை இழுத்ததற்கு நன்றி, கெத்துமிலேயே எலி ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் செய்து 2019-இல் வெளியானது. மார்ஃபினுக்குக் கட்டையை அழுத்தப் பழகிய எலிகளுக்கு, மார்ஃபினை எடுத்துவிட்டு மித்ராகைனினை வைத்தார்கள். எலிகள் அதற்காக மெனக்கெடவில்லை. முன்கூட்டியே மித்ராகைனின் கொடுத்தபோது மார்ஃபின் எடுப்பதும் குறைந்தது. அதே இலையில் மிகச் சிறிய அளவில் இருக்கும் 7-ஹைட்ராக்ஸி மித்ராகைனினை வைத்தபோது கதை மாறியது. அதற்கு எலிகள் அழுத்தின, மார்ஃபின் ஆசையும் ஏறியது. ஒரே இலையின் இரண்டு சத்துகள் இப்படி எதிரெதிர்த் திசையில் போகின்றன. மித்ராகைனினின் ஒரு பகுதியை நம் கல்லீரலே அந்த இரண்டாவதாக மாற்றுகிறது என்பது கூடுதல் சிக்கல். ஆகவே எலி அழுத்தவில்லை என்பதால் மாமாவுக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொல்ல முடியாது.

நீங்கள் பார்த்த படத்துக்கு வருகிறேன். அந்த எலி தனியாக, சின்னக் கூண்டில், வேறு வேலையே இல்லாமல் இருந்தது. 1970களின் கடைசியில் கனடாவில் புரூஸ் அலெக்சாண்டர் என்ற உளவியலாளர் இதைத்தான் கேட்டார். எலிகளுக்கு விசாலமான இடம், விளையாட்டுப் பொருள், துணை எல்லாம் கொடுத்து மார்ஃபின் தண்ணீரையும் வைத்தார். கூட்டமாக இருந்த எலிகள் தனி எலிகளைவிட மிகக் குறைவாகவே குடித்தன. பின்னால் வேறு சிலர் அதைத் திரும்பச் செய்தபோது எப்போதும் அதே முடிவு வரவில்லை. அதனால் நான் அதை வேதவாக்காகச் சொல்லவில்லை.

எனக்கு எலியைவிடப் பெரிய சாட்சி வியட்நாம் போர்தான். 1971-இல் அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமைப்பட்டிருந்ததாகச் சொன்னார்கள். ஊர் திரும்பினால் நாடே நாசமாகும் என்று பயம். லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார். அங்கே அடிமைப்பட்டவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். பொருள் அதேதான். சுற்றியிருந்த காடும் துப்பாக்கியும் கூட்டாளிகளும் இல்லை, அவ்வளவுதான். அக்காவின் மாமா இரண்டு தடவை திரும்பிப் போனது யாரிடம்? பழைய கூட்டாளிகளிடம். முதல் பதிவிலேயே இருக்கிறது.

நேர்ப்பேச்சு | ஞாயிறு, பிற்பகல் 1.22

எல்லாம் சரி. ஒன்று கேட்கிறேன். ஆராய்ச்சி செய்கிறவர் யார் வீட்டிலாவது கேஸ் சிலிண்டர் தோம்பு காணாமல் போயிருக்கிறதா?

எங்கள் வீட்டில் போயிருக்கிறது. தம்பி எடுத்து விற்றான், சியாபு என்கிற மெத்தாம்பெட்டமின் போதைக்கு. அதற்கு முன் அம்மாவின் தாலிச் சங்கிலி. அப்பா படுக்கையில் கிடந்தபோது அவர் மருந்துக்கு வைத்திருந்த காசு. அவனைப் போலீஸில் ஒப்படைத்தது நான்தான். அம்மா இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உள்ளே இருந்த நாட்களில்தான் அந்த வீட்டில் எல்லோரும் தூங்கினோம். 'உள்ளே போடு' என்று நான் சொல்வது கோபத்தில் இல்லை.

லோரிக்காரன் | ஞாயிறு, பிற்பகல் 1.50

மன்னித்துவிடுங்கள் அண்ணே. நேற்றிரவு நான் எழுதிய தொனி சரியில்லை.

மின்டன் பழைய மாணவி | ஞாயிறு, மாலை 5.10

ஐயா, உங்களுக்கு உடனே பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. வீட்டார் தூங்க வேண்டும் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் உள்ளே போய் வந்தபிறகு என்ன ஆகிறது என்று நம் நாட்டிலேயே பார்த்திருக்கிறார்கள். 1983-ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றம் மூலமாக இரண்டாண்டு கட்டாய மறுவாழ்வுக்கு அனுப்ப வழி செய்தது. ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவக் கண்காணிப்பில் கொடுக்கும் மெத்தடோன் மருந்து இங்கே 2005-இல் தொடங்கியது. கட்டாய மையத்திலிருந்து வெளியே வந்த ஹெராயின் பழக்கத்தினரையும், தாமாகவே வந்து மெத்தடோன் எடுத்தவர்களையும் ஒரு குழு தொடர்ந்து சிறுநீர்ச் சோதனை செய்து பார்த்தது. 2017-இல் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்தது. கட்டாய மையத்தவர்களில் பாதிப் பேர் 31 நாளுக்குள் திரும்பிவிட்டார்கள். மற்றவர்களில் பாதிப் பேர் திரும்ப 352 நாள் ஆனது.

அக்காவின் மாமா "கொஞ்ச நாளிலேயே" திரும்பினார் என்பது அவருடைய தனிப்பட்ட பலவீனம் என்று இனி யாரும் சொல்லாதீர்கள்.

நேர்ப்பேச்சு | ஞாயிறு, மாலை 6.35

படித்தேன். ஆனால் இதில் ஓட்டை இருக்கிறதே. தானாக நடந்து வந்தவன் ஏற்கெனவே திருந்த நினைத்தவன். பிடித்துக்கொண்டு போனவன் நினைக்காதவன். இரண்டு பேரையும் ஒரே தராசில் வைத்தால் மெத்தடோன் ஜெயித்ததா, மனசு ஜெயித்ததா?

மின்டன் பழைய மாணவி | ஞாயிறு, மாலை 6.58

ஒப்புக்கொள்கிறேன். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல அது, யார் எங்கே இருந்தார்களோ அங்கேயே பார்த்தது. உங்கள் கேள்வியை அந்த ஆய்வாளர்களிடம் கேட்டால் அவர்களும் தலையசைப்பார்கள்.

குலுக்கிப் பிரித்ததும் ஒன்று உண்டு, அதுவும் நம் நாட்டில், மூவாரில். 2008-இல் லான்செட்டில் வந்தது. ஹெராயினிலிருந்து வெளியே வந்த 126 பேர். எல்லோருக்கும் ஆலோசனை உண்டு. அதோடு சிலருக்கு ஹெராயின் போதை ஏறாமல் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன், சிலருக்கு மெத்தடோன் மாதிரி மாற்று மருந்தான புப்ரெனோர்ஃபின், சிலருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பதைக் குலுக்கலே தீர்மானித்தது. திருந்த வேண்டும் என்ற மனசு மூன்று கூட்டத்திலும் சமமாகவே இருந்திருக்கும். புப்ரெனோர்ஃபின் எடுத்தவர்கள் தெளிவாக முன்னால் நின்றார்கள், வித்தியாசம் தெரிந்துவிட்டதால் ஆய்வில் ஆள் சேர்ப்பதை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

ஒன்றை நான் மறைக்கக் கூடாது. இவை எல்லாம் ஹெராயின் வகைக்கு. உங்கள் தம்பியின் சியாபுவுக்கு மெத்தடோன் மாதிரி ஒரு மாற்று மருந்து இன்னும் இல்லை. உங்கள் வீட்டுக் கதைக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை ஐயா.

கெடா பேரன் | ஞாயிறு, இரவு 8.30

நடுவில் புகுந்து கொஞ்சம் பழங்கதை. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

'போதை என்றால் அரசாங்கத்துக்குப் பகை' என்று நினைக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 19-ஆம் நூற்றாண்டில் பினாங்கையும் சேர்த்த, பிரிட்டிஷார் ஆண்ட நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் பெரும் பங்கு அபின் குத்தகைப் பணம். 1910-இலிருந்து அரசே நேரடியாக விற்றது. நம் ஆட்களுக்கு அபினுக்குப் பதில் கள்ளு. தோட்டத்திலேயே கடை. உழைத்த கூலி, மாலையில் அதே தோட்டத்துக் கடைக்குத் திரும்பும். 1941-இல் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. போருக்குப் பின் பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தொண்டர் படை திரட்டினார். 1947-இல் பீடோங் கள்ளுக்கடை முன்னால் போலீசோடு மோதல் வரை போனது. என் தாத்தா அதைச் சொல்லும்போது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிடுவார்.

கெத்தும் கதையும் அபினோடு பின்னியதுதான். தாய்லாந்து 1943-லேயே அதைத் தடை செய்தது. அபின் வரி ஏறியதும் ஜனங்கள் கெத்துமுக்கு மாறினார்கள், வரி வருமானம் படுத்தது, அதனால்தான் தடை என்று சொல்வார்கள். 2021 ஆகஸ்டில் அதே தாய்லாந்து கெத்துமைப் போதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பாடாங் பெசார் எல்லைக்கு அந்தப் பக்கம் சட்டப்படி விற்கலாம், இந்தப் பக்கம் பிடிப்பார்கள். இலை என்னவோ ஒன்றுதான்.

நெறியாளர் | ஞாயிறு, இரவு 9.05

'நல்ல சரக்கு' என்று தொலைபேசி எண் போட்ட பதிவு ஒன்றை நீக்கியிருக்கிறேன், அந்தக் கணக்கையும் முடக்கியாயிற்று. இங்கே மித்ராகைனின் 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது நான்கு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். விவாதிக்கலாம், விற்கக் கூடாது.

மருந்துக்கடை அக்கா | ஞாயிறு, இரவு 10.20

மருந்தாளுநராக இருக்கிறேன். இந்தத் திரியை நேற்றிலிருந்தே படிக்கிறேன். யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன்: பிறைக்காரி தங்கச்சி, மாமா வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?

58 வயது, பாரம் தூக்கும் வேலை. இரத்த அழுத்தமோ இனிப்பு நீரோ இருக்க வாய்ப்பு உண்டு. பல மருந்துகளை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளை மித்ராகைனின் தடுக்கிறது. அப்படித் தடுத்தால் வழக்கமான மாத்திரையே கூடுதல் அளவு போட்டது போல் ஆகலாம். என்னிடம் வருபவர்கள் இருமலைச் சொல்வார்கள், மூட்டு வலியைச் சொல்வார்கள், கெத்தும் குடிப்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். சட்டத்துக்குப் பயம், தாதி மிஸ்ஸி திட்டுவார் என்று பயம்.

இரண்டாவது, பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது? ஆய்வில் கொடுத்தது அளந்த பானம். ஒட்டுக்கடைப் பின்பக்கம் வாங்குவது அப்படி இல்லை. இருமல் மருந்து கலப்பவர்கள் உண்டு, அதில் கோடீன் இருந்தால் ஒரே வகைப் பொருள் இரண்டு சேர்ந்து மூச்சை மந்தமாக்கும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் மோசம். அமெரிக்காவில் 2025 ஜூலையில் அவர்களுடைய உணவு மருந்து நிர்வாகம் கட்டுப்படுத்தச் சொன்னது இலையை அல்ல, மேலே மாணவி சொன்ன அந்த 7-ஹைட்ராக்ஸியைச் செறிவாக்கி விற்கும் மாத்திரைகளையும் பானங்களையும்தான். எலிக் கதை ஞாபகம் இருக்கட்டும்.

நாளைக்கே எல்லாவற்றையும் கொட்டிவிடு என்று மாமாவை மிரட்டாதீர்கள். திடீரென்று நிறுத்தி அவதி தாங்காமல் பழைய பொருளைத் தேடிப் போனால் அதுதான் பேராபத்து. பதினைந்து வருடம் தொடாத உடம்பு பழைய அளவைத் தாங்காது. டாக்டர் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது நல்லது.

பிறைக்காரி | திங்கள், இரவு 9.48

இன்று வேலை முடிந்ததும் நேராக சுங்கை பாக்காப் போனேன். அம்மாவை அழைத்துப் போகவில்லை.

மாமா முன்வாசலில் உட்கார்ந்திருந்தார். மருந்தா போதையா என்று நான் கேட்கவே இல்லை. "தீபாவளிக்கு வந்தது காய்ச்சல் இல்லைதானே மாமா?" என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் கொய்யா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "காய்ச்சல் என்றால் பனடோல் கேட்டிருப்பேனே" என்றார்.

மூன்று பொட்டலம் என்று நான் எழுதியது தப்பு. ஐந்து. இரண்டை அத்தைக்குத் தெரியாமல் தோட்டத்திலேயே குடிக்கிறார். இருமல் மருந்து கலந்தது இரண்டொரு தடவை வாங்கியிருக்கிறார், தலை சுற்றியதால் விட்டுவிட்டாராம். இரத்த அழுத்த மாத்திரை இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறார், கிளினிக்கில் கெத்தும் பற்றி மூச்சு விடவில்லை. ஏன் என்றேன். "புள்ள, அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டவன் யார் கேட்டாலும் எனக்கு செரெந்தி ஞாபகம்தான் வரும்" என்றார்.

முதலில் ஹெராயினை விட எது உதவியது என்றும் கேட்டேன். இந்தத் தண்ணீர்தான் என்றார். அதை நான் எப்படி மறுப்பது?

மின்டன் பழைய மாணவி | திங்கள், இரவு 10.15

மறுக்க வேண்டாம் அக்கா. விக்னசிங்கம் குழு 2010-லேயே வட மாநிலங்களில் 136 பேரிடம் கேட்டு எழுதியது இதைத்தான்: பலர் கெத்துமை வேறு போதையிலிருந்து கரையேறும் தோணியாகத் தாங்களாகவே பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா சொல்வது அவருடைய கற்பனை இல்லை. அதற்கு இப்போது அவர் ஐந்து பொட்டலம் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதும் கற்பனை இல்லை.

லோரிக்காரன் | திங்கள், இரவு 10.31

நான் நிபோங் திபாலில்தான் இருக்கிறேன். எனக்கு இறக்கிக் கொடுத்த டாக்டர் இன்னும் அதே கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைக் கோட்டுப் போடமாட்டார், பத்தேக் சட்டைதான். மாமா ஒத்துக்கொண்டால் வியாழக்கிழமை நானே கூட்டிக்கொண்டு போகிறேன். தனிச்செய்தியில் என் எண்ணை அனுப்பியிருக்கிறேன்.

நேர்ப்பேச்சு | திங்கள், இரவு 11.02

லோரிக்காரத் தம்பி, அந்த டாக்டர் சியாபுக்காரர்களையும் பார்ப்பாரா?

லோரிக்காரன் | திங்கள், இரவு 11.04

பார்ப்பார் அண்ணே. மருந்து இல்லாவிட்டாலும் உட்கார வைத்துப் பேசுவார். உங்களுக்கும் எண் அனுப்புகிறேன்.

பிறைக்காரி | செவ்வாய், காலை 6.50

மாமா வியாழக்கிழமைக்குச் சரி என்றுவிட்டார். ஆனால் ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னார், மாணவிதான் பதில் சொல்ல வேண்டும். ஐஸ் தண்ணீரில் கை வைக்கும் ஆராய்ச்சிக்கு இன்னும் ஆள் எடுக்கிறார்களா, போக்குவரத்துக் காசு கொடுப்பார்களா என்று கேட்கிறார். 25 விநாடி எல்லாம் ஒரு கணக்கா, நான் ஒரு நிமிடம் வைப்பேன் என்கிறார்.